சிலிண்டர் நின்றுவிட்டதா?

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சிஸ்டம் ரூமில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். என் அறைக்கும் கார்டிங் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு மெஷின்களையும் பார்க்கலாம்.

கார்டிங் மெஷின் பஞ்சைச் சீவுகிற எந்திரம். அதன் வயிற்றுக்குள் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். சிலிண்டர் என்பார்கள். அதன் மேல் இடைவெளியே இல்லாமல் ரம்பப் பல் போன்ற கம்பி சுற்றியிருக்கும். ஓடும்போது அது போடுகிற இரைச்சலில் யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். சுவிட்சை அணைத்த பிறகுதான் ஆபத்து. முன்னாலும் பின்னாலும் இருக்கிற இரண்டு சின்ன உருளைகளும் சீக்கிரம் நின்றுவிடும். சிலிண்டர் தன் கனத்தில் ஐந்தாறு நிமிஷம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்து குனிந்து பார்த்தால்கூடச் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, நிற்கிற மாதிரியே தெரியும்.

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் ஒருவருக்கு அதில் மூன்று விரல்கள் போயிருந்தன. அதற்குப் பிறகுதான் மில்லில் சென்சார் வைத்தார்கள். மூன்று உருளைக்கும் தனித்தனியாக ஒரு சென்சார். ஒவ்வொன்றும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரே கேள்விக்குப் பதில் அனுப்பும்: நின்றுவிட்டதா? மூன்று பதிலும் 'ஆமாம்' என்றால் மெஷினின் தலைக்கு மேலே பச்சை விளக்கு எரியும். ஒன்று 'இல்லை' என்றாலும் சிவப்பு. பச்சை எரிந்தால்தான் கதவைத் திறக்க வேண்டும். பதில்களை டேட்டாபேஸில் வாங்கி வைத்து, விளக்கின் நிறத்தைத் தீர்மானிக்கிற வேலை என்னுடையது.

ஆமாம், இல்லை என்று பதில் வைக்கிற இந்த மாதிரிக் கட்டத்துக்குப் பூலியன் என்று பெயர். கிருஷ்ணன்கோவிலில் நான் படித்தபோது வாத்தியார் அந்தப் பெயரைச் சொன்னாலே பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். பெண்கள் நாங்கள் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வோம். அந்தப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு அவரும் அடுத்ததற்குப் போய்விட்டார்.

மில்லில் இருந்த பழைய டேட்டாபேஸில் 'ஆமாம்' என்பதை 1 என்றும் 'இல்லை' என்பதை 0 என்றும்தான் வைத்திருந்தது. உண்மையில் அது ஒரு சின்ன எண். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர் சுலபமாக ஒரு வரி எழுதியிருந்தார். மூன்று பதிலையும் கூட்டு, கூட்டுத்தொகை மூன்று என்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஏறக்குறைய ஆறு வருஷம் அந்த வரி ஓடியது. நான் தொடவே இல்லை.

பிறகு புதிய சர்வர் வாங்கினார்கள். டேட்டாபேஸும் மாறியது. எல்லாவற்றையும் நான்தான் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றினேன். புதியது கறாரானது. அதில் 'ஆமாம்' என்றால் 'ஆமாம்'தான், அது எண் இல்லை. பழைய வரியை ஓட்டியதும், இந்த வகையைக் கூட்ட முடியாது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. கையேட்டைப் புரட்டினேன். இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. ஒரு கூட்டம் பதில்களைக் கொடுத்தால், எல்லாமே 'ஆமாம்'தானா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். பழைய வரியை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். மூன்று 'ஆமாம்' கொடுத்தேன், பச்சை. ஒன்றை 'இல்லை' ஆக்கினேன், சிவப்பு. பன்னிரண்டு மெஷினுக்கும் அப்படியே பார்த்தேன். பழையதைவிட இது அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், காலை பதினொன்று தாண்டி இருக்கும். ஏழாம் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டவர் தளவாய்புரத்துக்காரர். நாற்பத்தைந்து வயது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் மெஷினை அணைத்ததையோ, விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதையோ நான் பார்க்கவில்லை. எனக்கு முதலில் கேட்டது, ஈரத்துணியை வேகமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அலறல்.

ஓடினேன். கதவு திறந்திருந்தது. அவர் வலது தோள் வரை மெஷினோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சிலிண்டர் சுற்றச் சுற்ற ரத்தத்தையும் பஞ்சையும் வாரி இறைத்துக்கொண்டு வந்தது. என் முகத்தில், கண்ணாடிச் சுவரில், தரையில் எல்லாம் சிவப்புப் பஞ்சு. அவருடைய இடது கை மெஷினின் இரும்புச் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் எங்கிருந்தோ ஒரு மரப்பலகையோடு பாய்ந்து வந்து, பெல்ட் ஓடுகிற சக்கரத்தில் அதைக் கொடுத்து முழு உடம்பையும் அழுத்தினார். பலகை புகைந்தது. ஒரு வழியாகச் சிலிண்டர் நின்றது.

நின்ற பிறகும் கை வரவில்லை. கம்பிப் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பின்பக்கமாகச் சுற்றினால்தான் கடித்ததை விடும். ஃபிட்டரும் இன்னொருவரும் சேர்ந்து சிலிண்டரைக் கையால் அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளினார்கள். ஒவ்வோர் அங்குலத்துக்கும் அவர் கத்தினார். நான் அவர் தலையை என் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கத்தல் என் எலும்புக்குள் இறங்கியது.

அவர் மேலே பார்த்தார். "பச்சைதான் தங்கச்சி எரிஞ்சுது. பாத்துட்டுத்தான் தொறந்தேன்."

நானும் மேலே பார்த்தேன். பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் முதலில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போனது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டு வெட்டி எடுத்தாக வேண்டும் என்று ராஜபாளையத்திலேயே சொல்லிவிட்டதாக மத்தியானம் செய்தி வந்தது. ஷெட்டில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாம் மெஷினின் பதில்களைத் திறந்தேன்.

முன் உருளை: ஆமாம். பின் உருளை: ஆமாம். சிலிண்டர் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. 'ஆமாம்' இல்லை, 'இல்லை'யும் இல்லை. காலி. மேலே தள்ளிப் பார்த்தேன். முந்தின நாளும் காலி. அதற்கு முந்தின நாளும். நான்கு நாளாகக் காலி.

அப்போதுதான் கையேட்டில் அந்தக் கட்டளைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். காலியாக உள்ள பதில்களை இது கணக்கில் எடுக்காது. அதாவது மூன்று பேரைக் கேட்டு, ஒருவர் வாயே திறக்காவிட்டால், மற்ற இருவரும் 'ஆமாம்' என்றாலே எல்லாரும் 'ஆமாம்' என்று சொல்லிவிடும். சின்ன உருளைகள் இரண்டும் நின்றதும் பச்சை எரிந்திருக்கிறது. நடுவில் சிலிண்டர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய வரியில் இது நடந்திருக்காது. ஒரு பதில் வராவிட்டால் கூட்டுத்தொகை இரண்டோடு நின்றிருக்கும். இரண்டு மூன்றாகாது. சிவப்பு எரிந்திருக்கும். அழகாக இருக்கிறது என்று நான் போட்ட வரிதான் அந்தக் கையைத் தின்றது.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவி வாய் கொப்பளித்தேன். பல்லிடுக்கில் ஒரு பஞ்சு நூல் மாட்டியிருந்தது.

ஃபிட்டர் மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். மம்சாபுரத்துக்காரர், என் அப்பா வயசு இருக்கும். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"சென்சார் வயரு சட்டத்துல ஒரசி ஒரசி அத்துருக்கும்மா. முன்னெல்லாம் வயரு அத்தா செவப்பு எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். பயலுக வந்து என்னைய வைவானுக, போயி மாட்டுவேன். இந்தத் தடவ ஒருத்தனும் வந்து சொல்லலியே. பச்சைதான எரிஞ்சுருக்கு. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க தப்பு இல்ல அண்ணாச்சி" என்றேன். யார் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"சரி. அந்தக் காலி எடத்துலயெல்லாம் 'இல்லை'ன்னு போட்டா என்ன ஆகும்?"

"சிலிண்டர் நிக்கலன்னு சென்சார் சொன்ன மாதிரி ஆகும் சார்."

"அப்பப் பச்சை எரிஞ்சிருக்காது."

"ஆமா சார்."

"சிவப்பு எரியும்போதே அவன் தொறந்தான்னு ஆகும்." அவர் எழுந்துகொண்டார். "நாளை மறுநாள் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்ரும்மா. இது மில்லுக்கு மட்டும் இல்ல. அந்த வரிய எழுதினது நீ. அத நெனச்சுக்கோ."

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். பட்டாளத்தில் இருக்கிற என் அண்ணன் லீவில் வந்திருந்தான். என்ன என்று கேட்டான். தலைவலி என்றேன்.

மறுநாள் காலை வந்ததும் முதலில் ஒன்று செய்தேன். அந்த நான்கு நாள் பதில்களையும் பிரிண்ட் எடுத்து என் பைக்குள் வைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெளிவில்லை. அதற்குப் பிறகு மேனேஜர் கேட்ட வரியை டைப் செய்தேன். காலியாக உள்ள இடத்திலெல்லாம் 'இல்லை' என்று வை. ஒரே வரிதான். அது மில்லைக் காப்பாற்றும், மேனேஜரைக் காப்பாற்றும், என்னையும் காப்பாற்றும். என்டர் சாவியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. இன்னும் சற்று நேரம் இருந்திருந்தால் அழுத்தியிருப்பேன்.

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. தளவாய்புரத்திலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கையிழந்தவரின் மச்சினன்மார் மூன்று பேர், கூட இன்னும் பத்துப் பேர், நடுவில் அவர் மனைவி. வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். நான்கு நாளாக வயர் அறுந்து கிடந்த செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. மெஷினைப் பழுது பார்க்கிறவன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். யாரோ ஃபிட்டரைக் காட்டியிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மண்ணில் கிடந்தார். பெரிய மச்சினன் கையில் ஒரு இரும்புக் குழாய். "ஏலே, வயரு அந்துபோனது தெரியாதாலே ஒனக்கு? நாலு நாளா என்னலே செஞ்ச?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். முதல் அடி தோளில் விழுந்தபோது கிளை முறிகிற மாதிரி சத்தம் வந்தது. ஃபிட்டர் அடிபடாத கையால் தலையை மூடிக்கொண்டார். இன்னொருவன் அவர் விலாவில் செருப்புக் காலால் மிதித்தான். மில் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

குழாய் மறுபடி உயர்ந்தபோது நான் அவர் மேலே போய் விழுந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தடுக்கியதோ என்றுகூடப் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது.

"அவர அடிக்காதீங்க. வயரு அந்துட்டா செவப்பு எரியணும். எரியாமப் போனதுக்கு நாந்தான் காரணம். வெளக்குக்கு எழுதினது நான். தப்பா எழுதிட்டேன்."

குழாய் அப்படியே நின்றது. பொம்பளையை அடிப்பதா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். கையிழந்தவரின் மனைவி யோசிக்கவில்லை. என் எதிரே வந்து நின்றார்.

"என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"பச்சை எரியக் கூடாது மதினி. நான் செஞ்ச தப்புல எரிஞ்சுருச்சு."

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக எவர்சில்வர் தூக்குச்சட்டி வைத்திருந்தார். அதாலேயே அடித்தார். முதல் அடி புருவத்தில். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. என் தலைமுடியைப் பிடித்து இழுத்து இன்னும் இரண்டு அடி, காதில், கழுத்தில். "அவிய இந்தக் கையாலதான சாப்புடணும், இந்தக் கையாலதான புள்ளையத் தூக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். கஞ்சி என் மேல் கொட்டியது. சூடாக இருந்தது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவருக்கே மூச்சு வாங்கியதும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் ஜீப் வந்தது. எல்லாரையும் விலக்கினார்கள். ஃபிட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள்பட்டை எலும்பும் இரண்டு விலாவும் உடைந்திருந்தன.

புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன். டைப் செய்த வரி அப்படியே திரையில் இருந்தது. அதை அழித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டார்.

"ஊரக் கூட்டி வச்சுச் சொல்லிட்டியே. நீ என்ன தியாகியா? சொன்னத முடிச்சியா இல்லியா?"

"முடிக்க மாட்டேன் சார்."

லேப்டாப்பின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கிச் சாத்தினார். என் விரல்கள் கீபோர்டின் மேலேதான் இருந்தன. மூடியை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார். "இந்தக் கையால இனிமே எந்த மில்லுலயும் டைப் அடிக்க மாட்ட." நடுவிரலில் நகம் பிளந்தது. நான் கத்தவில்லை. முந்தின நாள் கேட்ட கத்தலுக்குப் பிறகு என் வலிக்குக் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டியதும் விட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புருவத்தில் நான்கு தையல் போட்டார்கள். அண்ணன் வந்தான். புருவத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தம்மா அடிச்சது சரி. நானா இருந்தாலும் அடிச்சுருப்பேன்" என்றான். பிறகு கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தான்.

"இது யாரு செஞ்சது?"

சொல்லியிருக்கக் கூடாது. வலியில் சொல்லிவிட்டேன். பைக் சாவியை எடுத்துக்கொண்டு போனான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

மேனேஜர் கார் மில் வாசலை விட்டு வெளியே வரும்போது பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தியிருக்கிறான். கண்ணாடியை முழங்கையால் உடைத்து, கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, ரோட்டோரத்தில் வைத்தே அடித்திருக்கிறான். மேனேஜருக்கு மூக்கு உடைந்து இரண்டு பல் போயின. வாட்ச்மேனும் டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்து விலக்கும்போது, அண்ணன் அவருடைய வலது கையைப் பிடித்துக் கார்க் கதவின் இடுக்கில் வைத்துக்கொண்டிருந்தானாம். நல்ல வேளையாகக் கதவைச் சாத்தவிடவில்லை. ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அன்று சாயங்காலமே மேனேஜரின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அண்ணன் மேல் கொடுத்த புகார் பெரிய புகார், கேஸ் ஆனால் பட்டாள வேலை போகும், மேனேஜர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயார் என்றார். பதிலுக்கு நான் இன்ஸ்பெக்டரிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காலிக் கட்டங்களை நிரப்ப அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் பேச்சிலிருந்து தெரிந்தது.

ஸ்டேஷனுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கைமுட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என் வேலைய நான் பாத்துக்கிடுதேன். அடிச்சது நான், அதுக்கு உள்ளத நான் வாங்கிக்கிடுதேன். நீ அத வச்சுப் பேரம் பேசாத. பேசுனேன்னு வையி, பொறவு ஓம் மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

"வேல போயிரும்ணே."

"போனா போகுது. வீட்டுக்குப் போ."

இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மா. என் புருவத்தையும் விரல்களையும் பார்த்தார். மேனேஜர் மூக்கில் கட்டோடு பக்கத்தில் இருந்தார். திரையில் ஏழாம் மெஷினின் பதில்களைக் காட்டினார்கள். காலி இடமே இல்லை. சிலிண்டர் கட்டம் முழுக்க 'இல்லை' என்று அழகாக நிரம்பியிருந்தது.

பையிலிருந்து பிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கேம்மா" என்றார்.

"சிலிண்டர் நின்னுதான்னு கேட்டா மூணு பதில் உண்டு மேடம். நின்னுருச்சு, நிக்கல, தெரியாது. வயரு அந்துட்டா தெரியாதுன்னு அர்த்தம். அது காலியாத்தான் கெடக்கும். இப்ப இங்க நிக்கலன்னு மாத்தி வச்சிருக்காங்க."

"தெரியாதுன்னா பச்சை ஏன் எரிஞ்சுது?"

"தெரியாதுங்கறத எண்ணாம விடுற மாதிரி நான் எழுதிட்டேன்."

மேனேஜர் குறுக்கிட்டார். வேலையை விட்டு எடுக்கப்போகிறோம் என்ற கோபத்தில் இந்தப் பிள்ளை காகிதத்தைத் தானே தயாரித்திருக்கிறது என்றார். அந்தம்மா என்னைப் பார்த்தார்.

"இது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு சர்வர் தானாகவே ஒரு சுருக்க அறிக்கையைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பும். அதில் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு எண் இருக்கும். மொத்தம் எத்தனை வரி பதிவானது என்பது ஒன்று. சிலிண்டர் கட்டத்தில் எத்தனை பதில் வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது எண்ணிக்கையில் 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் சேரும், காலி மட்டும் சேராது. நல்ல மெஷினுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்த நான்கு நாளும் ஏழாம் மெஷினுக்கு முதல் எண் வழக்கம் போல இருந்தது, இரண்டாவது எண் சரிந்து பூஜ்யத்துக்கு வந்திருந்தது. அறிக்கை தினமும் போயிருந்தது. அங்கே ஒருவரும் அதைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அவர்கள் திருத்தியது டேட்டாபேஸைத்தான். அனுப்பிய அறிக்கையை யாரும் நினைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கட்டுப் போட்ட விரலால் பேனாவைப் பிடித்து அழுத்தியதில் காகிதத்தில் ரத்தம் பட்டது. வேறு காகிதம் தரட்டுமா என்று கேட்டேன். பரவாயில்லை என்றார்.

தப்பு தொழிலாளி மேல் இல்லை என்று எழுதினார்கள். மேனேஜரை மாற்றினார்கள். என்னை வேலையை விட்டு எடுத்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. விளக்கைப் பற்றிய விசாரணையில் என் பேரும் இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதான். அண்ணன் மேல் கேஸ் ஓடியது. விடுப்பு முடிந்து திரும்பிப் போனவனுக்கு அங்கே என்ன தண்டனை கிடைத்தது என்று இன்று வரை சொல்லவில்லை. வேலை மட்டும் போகவில்லை. மச்சினன்மார் இரண்டு பேர் ஃபிட்டரை அடித்ததற்குச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்கள். ஃபிட்டரால் இப்போதும் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஒரு தடவை மம்சாபுரத்தில் போய்ப் பார்த்தேன். நீ எம் மேல வந்து விழலேன்னா மண்டைதான் ஒடைஞ்சுருக்கும் என்றார். அதற்கு முந்தின நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அவருக்குத் தோளும் உடைந்திருக்காது. அதை அவரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

தளவாய்புரத்துக்குப் போக எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. கையிழந்தவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார்கள். மடியில் ஒரு சிலேட்டு, இடது கையால் பேர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை.

வெகுநேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம். கடைசியில் அவரே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தங்கச்சி. அந்த மிஷினுக்கு நின்னுச்சா நிக்கலியான்னு தெரியல. செரி. தெரியலேன்னா செவப்ப எரிய விட்ருக்கலாம்ல?"

"விட்ருக்கலாம்ணே."

"அது ரொம்பக் கஷ்டமான வேலையோ?"

"இல்லண்ணே. ஒரு வார்த்த சேத்தாப் போதும். தெரியலேன்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கோன்னு."

அவர் தலையை ஆட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிலேட்டை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். எழுத்து வலது பக்கமாகச் சரிந்துகொண்டே போனது.

மனைவி வந்து கதவருகில் நின்றார். என் புருவத்துத் தழும்பை ஒரு முறை பார்த்தார்.

"கேக்க வேண்டியதக் கேட்டுட்டாக. இனி எதுக்கும் வராதீய" என்றார். பிறகு, "தென்காசி ரோட்டுக்குக் கடைசி பஸ்சு போறதுக்குள்ள கெளம்புங்க" என்றார்.

கிளம்பினேன்.